அழாமல் வந்த கடல்வழி

யுத்தம் முடிந்த மறுவருஷம் என் வீட்டுக்காரர் மலேயாவிலிருந்து நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். இறங்கினார் என்று சொல்வது மரியாதைக்கு. யாரோ இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து துறைமுகத்துக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன ஆளை, ஜப்பான்காரன் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போய், எலும்பை மட்டும் திருப்பிக் கொடுத்திருந்தான். கூட்டிவரப் போன எனக்கும் என் கொழுந்தனுக்கும் அடையாளமே தெரியவில்லை. அவர்தான் என்னைப் பார்த்து, "என்ன புள்ள, இப்புடி எளைச்சுட்ட?" என்றார். கேட்கிற ஆளைப் பாருங்கள் என்று அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் ஊர் தா.பழூருக்குப் பக்கம், கொள்ளிடத்தின் வடகரை. மழையில் ரயில் தண்டவாளம் அறுந்து கிடந்தது. மாட்டுவண்டியின் ஆட்டத்தை அவர் உடம்பு தாங்காது. பரங்கிப்பேட்டைக்குப் போகிற சரக்குத் தோணி ஒன்றில், கொள்ளிடம் கடலில் சேருகிற இடத்தில் இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள். அங்கிருந்து ஆற்றோடு ஓடத்தில் போய்விடலாம் என்று கணக்கு. நான் பிறந்தது குன்னம் பக்கத்து மானாவாரிக் காடு. தண்ணீரைக் குடத்தில் பார்த்தவள். அத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

தோணியை நடத்துகிறவரைத் தண்டேல் என்றார்கள். நரைத்த தாடி வைத்த மரைக்காயர். பாய்மரத்தடியில் சாக்கு விரித்து என் வீட்டுக்காரரைப் படுக்கவைத்து, வெயில் படாமல் பழைய பாய்த்துணி கட்டிக்கொடுத்தார். வாடைக்காற்று எதிரே அடித்தது. தோணி கடலுக்குள் கொஞ்ச தூரம், திரும்பிக் கரைப்பக்கம் கொஞ்ச தூரம் என்று கோணிக்கோணிப் போனது. பார்த்த பனைமரத்தையே மறுபடி பார்த்தோம். கரையில் மணலும் சவுக்கும் எப்போதாவது ஒரு குப்பமும்தான். இவர்கள் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் வாய் திறந்து பேசினார்.

"கப்பல்ல கூட வந்தவன் செத்துட்டான் புள்ள. சாக்குல சுத்தி, இரும்பக் கட்டிக் கடல்ல தள்ளிட்டாங்க. பொண்டாட்டி கதறிக்கிட்டு நிக்கிறா, தள்ளிட்டாங்க. என்ன அப்புடி வுட்டுடாத. நம்ம மண்ணுல கொண்டாந்து கொளுத்து."

என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கஞ்சி கொடுத்தேன். கடைவாயில் வழிந்துவிட்டது. மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். போய்விட்டார்.

கொழுந்தன் கத்த வாயைத் திறந்தான். பொத்தினேன்.

"சத்தம் போட்டா தூக்கிக் கடல்ல போட்டுடுவாங்க தம்பி. எறங்குற வரைக்கும் உங்கண்ணன் தூங்குறாரு. தெரிஞ்சுதா?"

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் தெருக்கோடி வரைக்கும் ஒப்பாரி கேட்க வேண்டும். அழாத பெண்டாட்டியை ஊர் காறித் துப்பும். நான் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன். "இன்னும் ஒரு வாய் குடிங்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு, கஞ்சியை என் முந்தானையில் ஊற்றித் துடைத்தேன். கழுத்துவரை போர்த்திவிட்டு ஈ ஓட்டினேன். ஒரு தடவை சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல வரும்.

அன்று தோணியில் எல்லாமே மாறிப்போயிற்று. பாய் இழுக்கும்போது ஏலேலம் போடுகிறவர்கள் வாய் திறக்கவில்லை. அடுப்பில் மீன் வேகவில்லை. தண்டேல் தலையில் துணி கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி ஏதோ ஓதினார். பொழுது சாய்ந்தால் நங்கூரம் போடுகிறவர்கள் அன்று போடவில்லை, இருட்டிலும் ஓட்டினார்கள். மோப்பம் பிடித்துவிட்டார்கள், நடுக்கடலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் வேட்டி முனையையும் என் புடவைத் தலைப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தள்ளினால் இரண்டு பேரையும் சேர்த்துத் தள்ளட்டும்.

விடியும்போது தண்ணீர் கலங்கலாக இருந்தது. கொள்ளிடத்து முகத்துவாரம். ஆட்கள் இரண்டு மூங்கிலில் பாய்த்துணியைக் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். தண்டேல் என் முன்னால் வந்து குந்தினார்.

"முடிச்ச அவுத்துடு தங்கச்சி."

"அவரு தூங்குறாருங்க."

"நேத்து காலையிலயே எங்களுக்குத் தெரியும்மா."

கொழுந்தன் உடைந்து போனான். "கடல்ல போட்டுடுவீங்கன்னு பயந்தோம் பாய்."

"மய்யித்தக் கடல்ல போட இதென்ன ஸ்டீமரா தம்பி? கண்ணுக்கெட்டுற தூரத்துல கரை கெடக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேத்தே தரங்கம்பாடியில ஒதுக்கியிருப்பேன். உசிரு போன ஒடம்ப வண்டி ஆட்டம் என்ன பண்ணிடும்? இன்னிக்கி ஊர்ல இருந்திருப்பீங்க. கரை சேந்தப்புறம்தான் அழுவுறது உங்க வழக்கம் போலன்னு நாங்களும் வாயத் தொறக்கல. வெரசாக் கொண்டாந்து சேத்துடணும்னு ராவெல்லாம் ஓட்டுனோம்."

ஓடக்காரர்கள் பிணத்தை ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். சுற்றிலும் சேறு, வண்டிப்பாதை கிடையாது. உடம்பும் அதற்குமேல் தாங்காது. பேர் தெரியாத அந்தக் கரையில் சவுக்கு விறகு அடுக்கி எரித்தோம். தோணிக்காரர்கள் விறகு சுமந்தார்கள். நெருப்பு வைத்ததும் தண்டேல் தன் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"இப்ப அழுவு தாயி."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நாள் முழுக்க விழுங்கி விழுங்கித் தொண்டை கல்லாகிவிட்டிருந்தது.

சாம்பலோடு ஊர் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் கூட்டமாக ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நான் மரம்போல நின்றேன். புருஷனை முழுங்கிவிட்டு நிற்கிறாள் பார் என்று என் காதுபடவே பேசினார்கள். ஊர் பார்க்கிறதே என்று என் மாமியார் கூட்டத்துக்குள் கையை விட்டு, அழட்டும் என்று என் தொடையில் நகம் பதியக் கிள்ளினாள். ரத்தம் வந்தது. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.