என் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு கடல் கடந்த மிக்கேல் அண்ணாச்சி

மிக்கேல் அண்ணாச்சி இறந்துவிட்டார்.

காலையில் லேபில் ஒருவருக்கு ரத்தம் எடுக்கக் கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு நிச்சயமாகியிருக்கும் சுதாவிடமிருந்து மெசேஜ். அண்ணாச்சி ஆலந்தலையில் வீட்டில்தான் இருந்திருக்கிறார். நெஞ்சு வலிக்கிறது என்றதும் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். திருச்செந்தூர் போய்ச் சேர்வதற்குள்... முடிந்துவிட்டது.

மாலேயில் என்னோடு இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு இங்கே மாலத்தீவுக்கு வரும் தோணியில் அவர் பண்டாரி. அதாவது சமையல்காரர்.

நான் உடன்குடிக்காரன். இங்கே ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். வந்த புதிதில் எனக்கு எல்லாவற்றின் மேலும் எரிச்சல். ஒரே ரூமில் ஷிப்ட் போட்டுத் தூக்கம், தெரு முழுக்க ஸ்கூட்டர், விடிந்ததும் மாசிக் கருவாடும் தேங்காய்ப்பூவும். ஊரில் மாசிச் சம்பல் என்றால் உயிரை விடுவேன். மூன்று வேளையும் அதையே பார்த்தபோது உயிரே போனது.

அம்மா கொடுத்தனுப்பிய பார்சலை வாங்கத்தான் முதல் தடவை ஹார்பருக்குப் போனேன்.

"உடன்குடிப் பயலா நீ? இங்கன வா" என்றார் ஒருவர். அரிசி மூட்டைக்குள் கையை விட்டு மக்ரூன் டப்பாவை வெளியே எடுத்தார். "கடக்காத்து பட்டா நமுத்துப் போயிரும்லா. அதான் அரிசிக்குள்ள பொதச்சி வச்சேன்."

மக்ரூன் மொறுமொறுப்பாகத்தான் இருந்தது. டப்பாதான் பாதி காலி. என்ன அண்ணாச்சி இது என்றேன்.

"ருசி பாக்காம ஒரு பண்டாரி சாமான வெளிய குடுப்பானாலே?"

அதற்குப் பிறகு தோணி வந்தால் நானும் ஹார்பரில் இருப்பேன். அவர் வைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே இந்த ஊரைத் திட்டித் தீர்ப்பேன். "பிடிக்கலன்னா ஏறு, கொண்டு விடுதேன்" என்பார் ஒவ்வொரு தடவையும். நான் ஏறவில்லை. மெல்ல மெல்ல ஊர் பழகிவிட்டது... இப்போது பேஷண்டுகளிடம் இந்த ஊர்த் திவேஹி மொழியில் வம்பு பேசுகிறேன். பக்கத்து வீட்டில் நோன்பு திறக்கக் கூப்பிட்டால் முதல் ஆளாகப் போகிறேன்.

சுதாவுக்கும் எனக்கும் நிச்சயதார்த்தம் நடந்தபோது லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில்தான் மாப்பிள்ளை. பெண் வீட்டார் எனக்குப் போட வேண்டிய மோதிரத்தை அண்ணாச்சியிடம் கொடுத்தனுப்பினார்கள்.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா... கடலில் பையை நம்ப முடியாது என்று தன் விரலிலேயே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் விரல் வீங்கிவிட்டது. மாலே வந்து சேர்ந்தும் மோதிரம் கழலவில்லை.

எண்ணெய் போட்டுப் பார்த்தோம். சோப்புப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் மீன் மார்க்கெட்டில், சூரை மீனுக்குக் கொட்டியிருந்த ஐஸுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோணி ஆட்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏலே, நம்ம பண்டாரிக்கு நிச்சயம் ஆயிட்டு. எப்பம் கல்யாணம்னு கேளு."

ஒருவழியாகக் கழன்றது. கைலியில் துடைத்து அவரே என் விரலில் போட்டுவிட்டார். மீன் வாடையோடு சில்லென்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

அங்கேதான் கேட்டார்.

"கல்யாணத்த ஆனியில வையிலே. வைகாசியில காத்து மாறிட்டுன்னா தோணியெல்லாம் கட்டிப் போட்டுருவோம். அப்பந்தான் நான் கரையில நிப்பேன். ஆடியில உங்க ஆளுவ வைக்க மாட்டாவ. ஆவணி பொறந்தா நான் மறுபடி கடலுக்குப் போயிருவேன். ஆனி ஒண்ணுதான் இருக்கு."

"பந்திக்கு நீங்கதான் சமையலா அண்ணாச்சி?"

"போலே. சமையலெல்லாம் வேற ஆளப் பாரு. நான் எல போட்டு உக்காரணும். எவனாவது எனக்குப் பரிமாறணும்."

வீட்டில் பெரிய சண்டை. நான் மூத்த பிள்ளை, மூத்த பிள்ளைக்கு ஆனியில் ஆகாதாம். தையில் வை, ஆவணியில் வை என்று ஆளாளுக்கு ஒரு மாதம். "எவனோ தோணிக்காரனுக்காவ நாளு குறிப்பாவளாலே?" என்று பெரியப்பா குதித்தார். நான் பிடித்த பிடியை விடவில்லை. இருவரும் மூத்தவர்களாக இருந்தால்தான் தோஷம், சுதா கடைக்குட்டிதானே என்று ஜோசியர் வழிவிட்டார். ஆனியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. அதற்காகவே இந்த வருஷம் ஒரு நாள் லீவு எடுக்காமல் சேர்த்து வைத்தேன்.

தோணியைக் கட்டிப் போட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது...

இன்று லீவு கேட்டேன். லேபில் இருப்பது இரண்டு பேர். இப்போது போனால் ஜூனில் தர முடியாது என்றுவிட்டார் மேனேஜர். அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

மதினிக்கு, அண்ணாச்சியின் மனைவிக்கு, போன் செய்தேன். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவர்தான் பேசினார்.

"இப்ப வந்துட்டு ஆனிக்கு வராம இருந்துராத தம்பி. உங்க அண்ணாச்சி ஊரு பூரா கல்யாணம் கல்யாணம்னு சொல்லிட்டுத் திரிஞ்சாவ. நீ அங்கனயே இரி."

நாளை சாயங்காலம் அடக்கம். எனக்கு லேபில் டியூட்டி.

உங்களுக்கு இலை போட வேண்டும் என்றுதான் அத்தனை லீவையும் ஆனிக்கு வைத்தேன் அண்ணாச்சி. அதனாலேயே ஒரு பிடி மண் போட வர முடியவில்லை.

நல்லபடியாகப் போங்க.