கறுப்பு வெள்ளையில் விற்ற வானம்

மற்ற கடைகளில் சரக்கை எடுத்துக் காட்டினால் வியாபாரம் ஆகும். வானத்தைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடிக்கிற மோனோ கேமரா விற்கும் கடையில் மட்டும், எடுத்துக் காட்டினால்தான் வந்தவர் எழுந்து போவார்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். புடவைக் கடையோ மருந்துக் கடையோ, நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டிருக்கிறேன். ஒரே வித்தியாசம், உங்களிடம் வருகிறவர்களுக்குத் தாங்கள் என்ன வாங்க வந்தோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

எங்கள் முதலாளியின் போட்டோ ஸ்டூடியோ பெங்களூர் காக்ஸ் டவுனில் இருந்தது. டிஜிட்டல் கேமரா வந்து பிலிம் ரோல் வியாபாரம் படுத்துவிட்ட சமயம் அது. நான் பாஸ்போர்ட் போட்டோ பிரிவில் உட்கார்ந்து வருஷக்கணக்காக "நேரா பாருங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது முதலாளி ஏதோ கண்காட்சி பார்க்கச் சிங்கப்பூர் போனார். ஊர் உலகத்தைப் போல சாக்லேட்டும் தலைவலித் தைலமும் வாங்கி வந்திருக்கலாம். அவர் ஒரு டெலஸ்கோப்பும், அதன் பின்னால் மாட்டுகிற மோனோ கேமரா இரண்டும் வாங்கி வந்தார். ஐ.டி. பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கடையில் ஒரு மூலையை ஒதுக்கி, இங்கிலீஷ் கையேட்டை என் கையில் திணித்தார். ஸ்டூடியோவில் இங்கிலீஷ் படிக்கிற பொறுமை எனக்கு மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகிற விவேக் நகர் பஸ்ஸில் நின்றுகொண்டே அந்தக் கையேட்டைப் படித்தேன். படிக்கப் படிக்கப் பைத்தியம் பிடித்துவிட்டது. கேமராவை மாட்டி ஸ்டூடியோ மொட்டை மாடியில் பழகினேன். இத்தனை வருஷமாக மனிதர்களிடம் "சிரிக்காதீங்க" என்று சொன்ன வாய்க்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் மாதங்கள் போயின, கேமராக்கள் போகவில்லை. விநாயகர் சதுர்த்தி முடிந்த கையோடு முதலாளி சொல்லிவிட்டார்: "கிறிஸ்துமஸுக்குள்ள ரெண்டும் போகலேன்னா மூலையை மூடிடுவேன் பிலோ. நீ பழையபடி பாஸ்போர்ட்டுக்கே போயிடு." பாஸ்போர்ட் ஸ்டூலில் திரும்ப உட்கார நான் தயாராக இல்லை. இனி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கலர் எங்கே?

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் விலையைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். பிறகு, "இதுல கலர் வருமில்ல?" என்பார்கள். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பேன். கலர் கேமராவில் வெளிச்சத்தை வாங்குகிற சிப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கலர் கண்ணாடி மாட்டியிருப்பார்கள். சிவப்புக் கண்ணாடி மாட்டிய புள்ளி, பச்சையையும் நீலத்தையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். வானத்திலிருந்து வருவதே பிச்சைக்காசு வெளிச்சம், அதையும் திருப்பி அனுப்பினால் எப்படி? மோனோவில் அந்தக் கண்ணாடி கிடையாது. வருகிற வெளிச்சம் முழுக்க உள்ளே போகும். கலர் வேண்டுமென்றால் முன்னால் சிவப்பு ஃபில்டர் வைத்து ஒரு படம், பச்சை வைத்து ஒன்று, நீலம் வைத்து ஒன்று எடுத்து, மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

ஒருநாள் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க வந்த ஒருவர் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். நடுவில் இரண்டு நல்ல கேள்விகள்கூடக் கேட்டார். எனக்கு நம்பிக்கை பிறந்து, டீ சொல்லி அனுப்பினேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: "எங்க அப்பா வீட்ல கறுப்பு வெள்ளை டிவி ஒண்ணு சும்மா கிடக்கு மேடம், எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துப்பீங்களா?"

விஷயம் தெரிந்தவர்

செந்தில் என்று ஒரு பையன், ஹெப்பகோடியில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், சொந்தமாக டெலஸ்கோப் வைத்திருந்தவர். நான் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "டெக்னிக்கலா பேசற ஆள் யாராவது இருக்காங்களா மேடம்?" என்றார். நான் அதுவரை தாலாட்டா பாடிக்கொண்டிருந்தேன்?

எங்கள் ஸ்டூடியோவில் மஞ்சுநாத் என்று ஒருவன் உண்டு. லேமினேஷன் போடுகிறவன். மாண்டியாக்காரன், தமிழ் நன்றாகப் பேசுவான், கேமராவின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் உண்டு. அவனைக் கூப்பிட்டு நிறுத்தினேன். செந்தில் அவனைப் பார்த்துக் கேள்வி கேட்டார். பக்கத்தில் நின்று நான் பதில் சொன்னேன். மஞ்சுநாத் "ஹௌது சார்" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டு ஆரம்பித்து நான் சொன்னதையே அப்படியே திருப்பிச் சொன்னான். கேமராவின் சிப்பை ஏன் குளிர வைக்க வேண்டும் என்பதுவரை இப்படியே போயிற்று. முதல் கேமரா அன்று விற்றது. பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு செந்தில் என்னிடம் ஆறுதலாகச் சொன்னார்: "நீங்களும் இவர்கூட இருந்து கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கோங்க மேடம்."

மூடி போட்ட படம்

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. நல்ல படம் எடுக்க வேண்டுமானால் மூடியைப் போட்டுக்கொண்டும் சில படம் எடுக்க வேண்டும். சிப் தானாகவே கொஞ்சம் புள்ளியும் கோடும் போடும். மூடி போட்டு எடுத்தால் அந்தக் குப்பை மட்டும் விழும். நிஜப் படத்திலிருந்து அதைக் கழித்துவிடலாம். மிச்சமிருந்த கேமராவை மேஜையில் வைத்து, மூடி போட்டு, ஒரு மத்தியானம் முழுக்க நான் இதைச் செய்துகொண்டிருந்தேன்.

முதலாளி சாப்பிட்டுவிட்டு வந்தார். என் பின்னால் நின்று பார்த்தார். திரையில் இருட்டு. அடுத்த படம், அதுவும் இருட்டு. "மூடியை எடுக்க மறந்துட்டியா?" என்றார். இல்லை சார், வேண்டுமென்றேதான் என்று கழித்தல் கணக்கை விளக்கினேன். அவர் பிலிம் காலத்து மனிதர், இருட்டோடு நல்ல பழக்கம் உள்ளவர். நிதானமாகச் சொன்னார்: "இருட்டைப் பாக்கறதுக்கு இவ்வளவு விலையில கேமரா எதுக்கும்மா, நம்ம டார்க் ரூம்ல போய் நின்னா போதாதா?"

சந்தனம் குங்குமம்

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. பி.எம்.டி.சி. பஸ்ஸுக்கு வாழை மரம் கட்டுவார்கள், ஐ.டி. கம்பெனியில் சர்வருக்கு மாலை போடுவார்கள். எங்கள் ஸ்டூடியோவில் பூஜை மஞ்சுநாத்தின் இலாகா. கத்தரிக்கோல், பேப்பர் வெட்டுகிற கட்டை, பிரிண்டர், லேமினேஷன் மெஷின் எல்லாவற்றுக்கும் விபூதி பூசி, பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டுத்தான் பொரி கொடுப்பான். நான் அன்று லீவு.

மறுநாள் வானியல் சங்கத்துக்காரர் ஒருவர் கேமரா பார்க்க வந்தார். விஷயம் தெரிந்தவர், நிஜமாகவே. வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு படம் எடுத்துக் காட்டச் சொன்னார். எடுத்தேன். படத்தின் நடுவில் அழுக்காக ஒரு கறுப்பு வட்டம். கேமராவைக் கழற்றிப் பார்த்தால், சிப்பை மூடிக் காக்கிற வெறும் கண்ணாடியில் சந்தனம், அதன்மேல் குங்குமம், பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பூ இதழ். மஞ்சுநாத் மூடியைக் கழற்றிப் பொட்டு வைத்துவிட்டு, பொறுப்பாக மூடியைத் திரும்பப் போட்டு வைத்திருந்தான். சங்கத்துக்காரர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தபடி, அழாத குறையாக மஞ்சுநாத்தைத் திட்டினேன். மூடிமேல் வைத்தால் ஆகாதா என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் அசையவில்லை: "மூடியா அக்கா படம் எடுக்குது? எது வேலை செய்யுதோ அதுக்குத்தானே பூஜை பண்ணணும்?"

மூன்று நிலா

செந்தில் போன் செய்தார். பெங்களூர் வானம் அவருக்கு முதல் சனிக்கிழமை சிவப்பு மட்டும் கொடுத்தது, பச்சை எடுப்பதற்குள் மேகம் வந்துவிட்டது. அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் அப்பார்ட்மெண்ட் செக்ரட்டரி, இவர் எதிர் பிளாக்கை எட்டிப் பார்க்கிறார் என்று மாடிக் கதவைப் பூட்டிவிட்டார். ஒருவழியாகச் சாவி வாங்கி, நிலாவை மூன்று ஃபில்டரிலும் எடுத்துவிட்டார். சேர்த்தால் கலர் வரவில்லை, ஏதோ கோளாறு, கேமராவைத் திருப்பித் தரப்போகிறேன் என்றார். எனக்குத் திக்கென்றது. விற்றது ஒன்று, அதுவும் திரும்பி வந்தால் என் கதி?

படத்தை சி.டி.யில் எடுத்துக்கொண்டு அவரே வந்தார். சிவப்பு எடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார், பச்சை எடுத்துவிட்டு ஊருக்குப் போன் பேசியிருக்கிறார், நீலம் எடுக்கும்போது நிலா எங்கேயோ போய்விட்டது. மூன்று படத்தையும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று வைத்திருக்கிறார். திரையில் சிவப்பாக ஒரு நிலா, பச்சையாக ஒன்று, நீலமாக ஒன்று, வரிசையாக. நிலாக்களை நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்று உட்கார வைக்க வேண்டும் என்று காட்டினேன். மஞ்சுநாத்தைத் தேடாமல், இந்தத் தடவை என்னையே பார்த்துக் கேட்டுக்கொண்டார். நிலா ஒன்றானது. ஆனாலும் அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். கேட்டேன். "என் வைஃப் அந்த மூணு நிலாவையே ஃப்ரேம் போடச் சொல்லிட்டா மேடம், இதைக் காட்டினா மத்த ரெண்டும் எங்கேன்னு கேப்பா" என்றார்.

வயர் தொங்கும் நட்சத்திரம்

டிசம்பர் பிறந்துவிட்டது. ஒரு கேமரா மிச்சம். என் அதிர்ஷ்டத்துக்குப் பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருந்த ஒரு பல் டாக்டர் ஆர்வம் காட்டினார். செய்து காட்டினால் வாங்குகிறேன் என்றார். முதலாளியும் கூட வருகிறேன் என்றார். இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் சாமான்களை மொட்டை மாடிக்கு ஏற்றினோம்.

ஏற்றிய பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். காக்ஸ் டவுனில் டிசம்பர். ஒவ்வொரு வீட்டு மாடியிலும் காகித நட்சத்திரம், உள்ளே பல்ப். சிவப்பு, மஞ்சள், பச்சை. நிஜ நட்சத்திரம் தெரியவே இல்லை. நானும் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற வேதக்காரிதான், எங்கள் வீட்டிலும் ஒன்று தொங்குகிறது, யாரைக் குறை சொல்ல? நான் கீழே லேப்டாப் எடுக்கப் போகும்போது, பளிச்சென்று தெரிகிற ஏதாவது ஒரு நட்சத்திரத்துக்கு டெலஸ்கோப்பைத் திருப்பி வை என்று மஞ்சுநாத்திடம் சொல்லிவிட்டுப் போனேன். திருப்பித் திருத்தமாக வைத்திருந்தான். முதலாளி ஆசையாகக் குனிந்து கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். டாக்டருக்குக் கேட்காதபடி என்னிடம் சொன்னார்: "ஏம்மா, நட்சத்திரத்துல வயர் தொங்குது."

பல் டாக்டர்

டெலஸ்கோப்பை நானே திருப்பினேன். ஓரியன் நட்சத்திரக் கூட்டம் கிழக்கே ஏறியிருந்தது. அதன் நடுவில் நெபுலா என்கிற வாயு மேகம் இருக்கிறது. அந்த விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது. நான் கலர் ஃபில்டர்களைத் தொடவில்லை. ஹைட்ரஜன் வாயு விடுகிற அந்த ஒரே ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விடுகிற ஃபில்டர் ஒன்று உண்டு, அதைப் போட்டேன். தெருவிளக்கு, காகித நட்சத்திரம் எல்லாம் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். மோனோ கேமராவின் மகிமையே அங்கேதான், ஒவ்வொரு புள்ளியும் அந்தச் சிவப்பை வாங்கிக்கொள்ளும். சில நிமிஷம் காத்திருந்தோம்.

திரையில் படம் வந்தது. சாம்பல் நிறத்தில், புகை சுருண்டு விரிந்த மாதிரி, ஓரமெல்லாம் தெளிவாக. இந்தப் பெங்களூரின் நடுவில், இந்த மாடியில், நான் எடுத்தது. அப்போதும் வியாபார புத்தி விடவில்லை. "கலர் வேணும்னா இன்னும் மூணு ஃபில்டர்ல எடுத்து..." என்று ஆரம்பித்தேன். டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார்: "வேணாம்மா, நான் தினமும் எக்ஸ்ரே பாக்கறவன், கலர்ல காட்டினா எனக்கு ஒண்ணும் புரியாது, இதையே பேக் பண்ணிடுங்க."

காலி மூலை

மறுநாள் காலை சீக்கிரமே வந்துவிட்டேன். அடுத்து எந்தக் கேமரா தருவிக்கலாம், எந்த ஃபில்டர் சேர்க்கலாம் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். இரண்டும் விற்றாகிவிட்டது, கெடுவுக்கு முன்னாலேயே. இனி அந்த மூலை என்னுடையது என்றுதானே நீங்களும் நினைப்பீர்கள்?

மூலையில் மஞ்சுநாத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். டெலஸ்கோப்பையும் டாக்டரே எடுத்துக்கொண்டாராம். கேமரா வைத்திருந்த இடத்தில் பூப்போட்ட அட்டை ஆல்பங்கள் அடுக்கியிருந்தன. முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றார், அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். இனிப்புப் பெட்டியை நீட்டியபடி சொன்னார்: "யாரும் தொடாத சரக்கையே வித்துட்டியேம்மா, இப்படிப்பட்ட ஆளை அந்த மூலையில வெச்சு வீணாக்குவாங்களா, இன்னியிலேர்ந்து கல்யாண ஆல்பம் பூரா உன் பொறுப்பு."

ஆகவே, கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற என் சொந்தங்களே, மனசுக்குப் பிடித்த சரக்கு என்று ஒன்று உங்களுக்கு வாய்த்தால், அதைக் கொஞ்சம் மோசமாகவே விற்றுப் பழகுங்கள்.