மணல் சவாரியில் முன்னால் போவது யார்

விடுதிச் சமையலறைப் பலகையில் இதைக் குத்தி வைக்கிறேன். எல்லாரும் படிக்கட்டும்.

பெந்தெகொஸ்தே விடுமுறையில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரை ஒட்டிய மணல்காட்டுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் திட்டம் போட்டவர்கள், வயதைக் காரணம் காட்டி என்னைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். "அண்ணே, நீங்க சாப்பாட்டோட பஸ்ல வந்துடுங்க" என்றார் டாக்டர் சேகர்.

இன்று மணல்குழியில் ஒத்திகை. வேடிக்கை பார்க்க நானும் என் வண்டியில் போனேன்.

"டயர்ல காத்தைக் குறைங்க, புதையாது" என்றேன்.

"பிசிக்ஸ் நான் படிச்சிருக்கேன் அண்ணே" என்றார்.

பத்தடியில் அவர் வண்டி பாதிச் சக்கரம் வரை புதைந்தது. பட்டறையில் மட்டுமே படித்த நான், என் வண்டி டயரில் காற்றை இறக்கிவிட்டு மேடேறித் திரும்பியும் வந்தேன்.

பூட்ஸிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டே, "முன்னாடி நீங்களே போங்கண்ணே" என்றார் சேகர்.

போகிறேன். சனிக்கிழமைச் சவாரிக்கு இப்போதே கை துறுதுறுக்கிறது.

வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். சாப்பாட்டோடு பஸ்ஸில் வர ஒரு டாக்டர் தேவை.