அக்கா தம் கையால் ஒட்டிய பதினொரு பக்கங்கள்

அக்காவின் புத்தகத்திலிருந்து பதினொரு பக்கங்களை வெட்டி எறிந்தவன் நான்தான். இந்த ஓராண்டு நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள். மறைத்துப் பயனில்லை. அந்தப் பக்கங்களில் அக்கா தம் ஆசிரியர்களுக்கு நன்றி எழுதியிருந்தார். புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது; மூன்று நகைச்சுவைப் புத்தகம் எழுதிப் போட்டவன் என்ற திமிரில், நன்றியுரையை யார் படிக்கப்போகிறார்கள் என்று நானே முடிவுகட்டி, அந்த இடத்தில் மூன்று பிரமுகர்களின் வாழ்த்துரையைப் படத்தோடு சேர்த்தேன். நம் ஊரில் வாழ்த்துரை இல்லாமல் புத்தகம் வருவதில்லை. மூவரில் ஒருவர், அந்தச் சிறுகதைத் தொகுப்பை 'அருமையான கவிதைகள்' என்று வாழ்த்தியிருந்தார்.

அக்கா பிறந்தது மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில். எங்கள் ஐவரில் மூத்தவர். அம்மா படுக்கையில் விழுந்ததும், பதினைந்து வயதில் பள்ளியை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனார். பிறகு கொழுந்து வெட்டக் கத்தரி வந்தது, அப்புறம் மெஷின் வந்தது. அக்கா எல்லாவற்றையும் தூக்கினார். எங்கள் நால்வரையும் படிக்கவைத்தார். இப்படி எழுதினால் சாந்த சொரூபி போலத் தோன்றும். வாழ்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி கூட அக்காவிடம் வாய் கொடுக்கமாட்டார்.

ஐந்தாம் வகுப்பில் அக்கா எழுதிய ஒரு கட்டுரையின் கீழே டீச்சர் சிவப்பு மையில், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று எழுதியிருந்தார். அக்கா பதில் எழுதினார். அதன் கீழும் அதே கேள்வி. பள்ளியை விட்ட பிறகும், டவுனில் பாய் கடை வாசலில் பார்த்தால் டீச்சர் நலம் விசாரிப்பதற்கு முன் அதைத்தான் கேட்பாராம். பதில்கள் நோட்டு நோட்டாகச் சேர்ந்து, ஐம்பத்தெட்டு வயதில் புத்தகமாயின. நானும் அதே டீச்சரிடம் படித்தவன்தான். என் கட்டுரைகளின் கீழே 'கையெழுத்தைத் திருத்து' என்றிருக்கும்.

அச்சான பிரதிகள் வந்து இறங்கியபோது நோய் அக்காவைப் பாதியாக்கியிருந்தது. டாக்டர் மாதங்களை விட்டு வாரங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். அக்கா அட்டையைத் தடவினார், புரட்டினார், நிமிர்ந்தார்.

"யாருடா இவங்க?"

"பெரிய ஆளுங்கக்கா. வெளியீட்டுக்கு வருவாங்க."

"இவங்களா எனக்கு எழுதச் சொல்லிக் குடுத்தாங்க? என் டீச்சர் எங்க?"

"அடுத்த பதிப்புல போட்டுக்கலாம்லா."

"அது வரைக்கும் என்னைய வச்சிருக்கேன்னு டாக்டர் சொன்னாரா? அவங்க பேர் இல்லாம ஒரு புத்தகம் வெளிய போச்சுன்னா, நீ என் மூஞ்சியில முழிக்காத."

வெளியீடு நின்றது. பதினொரு பக்கங்களும் தனியாக அச்சாகி வந்தன. அக்காவின் வீட்டுக்காரரான மாமா பிளேடால் பிரமுகர்களை ஒவ்வொருவராக அறுத்தெடுக்க, தங்கை மைதாப் பசை கிண்ட, அக்கா கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு பிரதியிலும் தாமே ஒட்டினார்.

"நான் ஒட்டறேன், நீ படுக்கா," என்றேன்.

"உனக்கு வெட்டத்தான் தெரியும்."

மலைக்குளிரில் பசை காயவில்லை. தங்கை மகள் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து ஊதினாள். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்ன வாரம் அது.

முதல் பிரதியை டீச்சர் கையில் நேரில் கொடுக்கவேண்டும் என்பது அடுத்த பிடிவாதம். டீச்சர் மலையில் இன்னும் மேலே, கோலா தெர்லா என்ற ஊரில் மகன் வீட்டில் இருந்தார். கிளம்பிய நாள் ஞாயிறு. வழியில் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெர்ரி வாங்க வந்த கார்களெல்லாம் எங்களுக்கு முன்னால் நின்றன. பின் சீட்டில் அக்கா இரண்டு முறை வாந்தி எடுத்தார்.

"திரும்பிடலாம்க்கா, கெஞ்சிக் கேக்கறேன்."

"முன்னால லோரி நகருது பாரு. நீயும் நகரு."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினொரு பக்கங்களையும் அங்கேயே படிக்க உட்கார்ந்துவிட்டார். அக்கா உட்காரவில்லை.

"உக்காருக்கா," என்றேன் மெதுவாக.

"டீச்சர் படிக்கிறாங்கல்ல."

நான் பின்னால் நின்று அக்காவைத் தாங்கிக்கொண்டேன். தாங்குவதற்கு அதிகம் ஒன்றும் மிச்சமில்லை. படித்து முடித்த டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு, "உக்காரும்மா. அடுத்தது எழுதறியா?" என்றார்.

"எழுதறேன் டீச்சர்," என்றார் அக்கா, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை சொல்வதைப் போல.

ஒன்பதாம் நாள் அக்கா போய்விட்டார்.

அக்காவைத் தூக்கிக் குளிப்பாட்டிய தாதியருக்கும், லயத்துப் பெண்களுக்கும், பிளேடு பிடித்த மாமாவுக்கும், தங்கள் வாழ்த்துரை அறுபட்டது தெரிந்தும் இறுதிச் சடங்குக்கு மாலையோடு வந்த இரு பிரமுகர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் ஆசிரியர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதினொரு பக்கங்களையும் இப்போது எழுத்து விடாமல் படித்துவிட்டேன்.

கருமக்கிரியையன்று டீச்சர் மகனைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். புறப்படும்போது என் கையைப் பற்றிக்கொண்டு, இரக்கத்தோடு சொன்னார்:

"அக்காவப் பாத்தல்ல தம்பி. நீயும் ஏதாச்சும் எழுதிப் பாரேன். இந்த வயசுல எங்க வரப்போகுதுன்னு விட்டுடாத. முயற்சி பண்ணா உனக்கும் வரும்."