பண்ணை முட்டையில் வந்த குஞ்சு

எங்கள் பண்ணையில் பத்தாயிரம் கோழிகள் இருந்தன. சேவல் ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டாவது தகவலை ஒன்பது வயதில் நான் கவனித்திருக்கவில்லை. முட்டைக் கோழிப் பண்ணையில் சேவலுக்கு வேலை கிடையாது என்பதால் அதைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை.

அந்த வருடம் ஒரு கல்யாணத்துக்கு மளிகை வாங்க செவ்வாய்ப்பேட்டைக்குப் போன அப்பா, கடை வாசலில் பரப்பியிருந்த புத்தகங்களில் ஒன்றை எனக்கு வாங்கி வந்தார். உயிரினங்களைப் பற்றிய கேள்வி பதில் புத்தகம். ஐந்து பாகங்களில் முதல் பாகம். ஒரு வாரத்தில் அதை இரண்டு முறை படித்துவிட்டேன். படித்ததை யாரிடமாவது கேட்டாக வேண்டியிருந்தது. பண்ணையின் முட்டை ரூமில் நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். கையில் வேலை இருந்ததால் அவர்களால் எழுந்து ஓடவும் முடியாது.

ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று நான் கேட்டபோது, முட்டை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா யோசனையோடு திரும்பினார். கையிலிருந்த ட்ரே முழுதும் தரையில் விழுந்தது.

“இனி இங்க வந்து வாயத் தொறக்கக் கூடாது சாமி,” என்றார் அப்பா.

அந்த வாரம்தான் எங்கள் வீட்டு நாட்டுக்கோழி அடைக்கு உட்கார்ந்தது. அது இட்ட முட்டைகளை அம்மா குழம்பில் போட்டுவிட்டதால் வெறும் கூடையில் உட்கார்ந்திருந்தது. கோழிமுட்டை இருபத்தொரு நாளில் பொரிக்கும் என்று புத்தகம் சொன்னது. பண்ணையிலிருந்து ஒரு வெள்ளை முட்டையை எடுத்து, பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டு, கோழிக்கு அடியில் வைக்கப் போனேன்.

“அது பொரிக்காது சாமி.”

“ஏனுங்கப்பா? புத்தகத்துல போட்டிருக்குதே.”

“பொரிக்காதுன்னா பொரிக்காது.”

காரணம் சொல்ல வேண்டுமென்றால் சேவலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். மகளிடம் அதை ஆரம்பிக்கிறவர் அல்ல அப்பா. அதற்குப் பதிலாக ஒரு ஒப்பந்தம் போட்டார். குஞ்சு வந்தால் இரண்டாம் பாகம் வாங்கித் தருவார். நான் முட்டை ரூமுக்கு வந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வராவிட்டால் முழுப் பரீட்சை முடியும்வரை ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். முதல் பக்கத்தில் தேதி, முட்டையின் நிறம், கோழி இரை தின்ன இறங்கிய நேரம். தோற்றால் பேசாமல் இருக்க வேண்டுமே, இப்போதே பழகிக்கொள்ளலாம் என்று முட்டை ரூம் பக்கமே போகவில்லை. பள்ளி விட்டதும் கூடைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வேன். மூன்றாம் நாள் அப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

“ஏஞ்சாமி, அந்த ஆக்டோபஸுக்கு எத்தனைன்னு சொல்லவே இல்லையே?”

மூன்று என்றேன். அவர் கூடையிலிருந்த கோழியை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார்.

நான்காம் நாள் முட்டையின் நிறம் மாறியிருந்தது. வெள்ளையாக இருந்தது இளம் பழுப்பாகியிருந்தது; அளவும் சற்றுக் குறைந்திருந்தது. நட்சத்திரம் மட்டும் அப்படியே இருந்தது, ஒரு முனை கோணலாக. கோழியின் சூட்டில் தோசை சிவப்பதுபோல ஓடும் சிவக்கிறது என்று எழுதிக்கொண்டேன். அப்பாவிடம் கேட்டேன். “இருக்கும் சாமி,” என்றார்.

இருபத்தொன்றாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம்வரை கூடையை விட்டு நகரவில்லை. முழுப் பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன்.

“மூணு நாள் சேத்திப் பாக்கலாம்,” என்றார் அப்பா. பொரிக்காது என்று சொன்னவரே தவணை கொடுப்பது எனக்கு நியாயமாகப்பட்டது. ஜெயிக்கப் போகிறவர் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

இருபத்துநாலாம் நாள் காலையில் ஓட்டில் கீறல் விழுந்தது. மத்தியானத்துக்குள் ஈரமான, கறுப்பும் பழுப்புமான ஒரு குஞ்சு வெளியே கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக முட்டை ரூமுக்கு ஓடினேன். முட்டை ஏற்ற வந்திருந்த வண்டி டிரைவர் குஞ்சைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

“ஏனுங்க, இத்தன வருசமா முட்ட யாவாரம் பண்றீங்க, உங்க முட்ட பொரிக்கறது உங்களுக்கே தெரியலீங்களா?”

ட்ரேயை நழுவவிட்ட அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். “சேவலே இல்லாம குஞ்சு வந்திருக்குது. பண்ணைக்குள்ள ஒரு கோயிலக் கட்டிருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்தது. “புத்தகத்துல போட்டிருந்தா சரியாத்தானுங்க இருக்கும்,” என்றார். அவர் தோற்றதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து கேள்விகள் கேட்க எனக்கு முழு அனுமதி இருந்தது. அந்த அக்கா சொன்ன சேவல் எதற்கு என்பதை மட்டும் கேட்கவில்லை.

இரண்டாம் பாகம் அடுத்த வாரமே வந்தது. முதல் பாகத்தில் ‘இருபத்தொரு நாள்’ என்பதை அடித்து ‘இருபத்துநாலு’ என்று திருத்தினேன். சில பக்கங்கள் தள்ளி ஒரு கட்டத்துக்குள், சேவலோடு சேராத கோழியின் முட்டை பொரிக்காது என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. இருமுறை படித்தும் கண்ணில் படாத கட்டம். அதையும் பேனாவால் அடித்து, ஓரத்தில் எழுதினேன்: ‘தவறு. நேரில் பார்த்தேன்.’

பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் வகுப்பில் எழுந்து நின்று அதையே சொன்னேன். வகுப்பு அடங்க வெகுநேரமானது. வீட்டுக்கு வந்து பரணிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். நிறம், அளவு, நாள் கணக்கு எல்லாம் சரியாகத்தான் குறித்திருந்தேன். இருபத்துநாலில் இருபத்தொன்றைக் கழித்துவிட்டு மூன்றாம் நாளின் பக்கத்தைத் திருப்பினேன்.

‘மாலை 6 மணி. நாட்டுக்கோழி வளர்க்கும் பக்கத்துத் தோட்டம்வரை போயிருந்த அப்பா திரும்பி வந்தார். என் பென்சிலை வாங்கிக்கொண்டார். கோழிக்கு அவரே தண்ணீர் வைத்தார்.’

வீட்டுக் கோழிக்கு அப்பா தண்ணீர் வைத்தது அந்த ஒரு நாள்தான்.