ஐந்து அல்லிப்பூக்கள்

“பேஷன்ட்டோட பிறந்த தேதி சொல்லுங்க சார்” என்று நர்ஸ் கேட்டபோது, “கடைமடைக்குத் தண்ணி வந்த மூணாம் நாள்” என்றேன். எழுதிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. என் மனைவிதான் தேதியைச் சொன்னாள்.

போன மாதம் எங்கள் மகள் ஸ்கூட்டியில் கூத்தாநல்லூருக்கு வேலைக்குப் போகும்போது, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் சறுக்கி விழுந்துவிட்டாள். தலையில் அடி. ஸ்கேனில் பயமில்லை, நினைவு தெளிந்தால் போதும் என்றார் டாக்டர். ஆனால் கண்ணைத் திறந்தவள் எங்களை யாரோ மாதிரி பார்த்தாள்.

“பேசிக்கிட்டே இருங்க சார்” என்றார் நர்ஸ்.

எதை எதையோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில், சின்ன வயதில் அவள் ஓயாமல் கேட்ட கதையையே ஆரம்பித்தேன்.

அவள் பிறப்பதற்கு முன் மூன்று வருஷம் எங்கள் ஊர்க் குளம் வெடித்துக் கிடந்தது. அதில் கிரிக்கெட் ஆடினார்கள். அங்கே அல்லி இருந்ததையே நாங்கள் மறந்துபோனோம். அந்த வருஷம்தான் கடைமடையான எங்கள் ஊர் வரைக்கும் வாய்க்காலில் தண்ணீர் வந்து குளம் நிரம்பியது. மூன்றாம் நாள் இவள் பிறந்தாள். முப்பதாம் நாள் பேர் வைக்க வேண்டும். அன்று விடிந்ததும் போய்ப் பார்த்தால், தண்ணீர் மேல் வெள்ளை வெளேரென்று பூ. காய்ந்த மண்ணுக்கடியில் கிழங்கு அத்தனை நாளும் உயிரோடு கிடந்திருக்கிறது. முடிவு செய்திருந்த பேரை விட்டுவிட்டு, குழந்தையின் காதில் “அல்லி” என்று மூன்று முறை சொன்னேன். தாய்மாமனுக்குக் கோபம். “அடுத்தது பொண்ணு பொறந்தா ஆகாயத்தாமரைன்னு வைப்பீங்களா மச்சான்?” என்றார்.

“இடுப்பளவு சேத்துல இறங்கி, நாலு பூ பறிச்சிட்டு வந்தேம்மா” என்று முடித்தேன்.

உதடு அசைந்தது. குனிந்தேன்.

“அஞ்சுப்பா. ஒண்ணத்தான் ஆடு தின்னுடுச்சே.”

என் மனைவி நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

இப்போது அல்லி வீட்டில்தான் இருக்கிறாள், நன்றாகவே இருக்கிறாள். எனக்குத்தான் பயம் போகவில்லை. தினமும் அந்தக் கதையில் எதையாவது மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். நேற்று, பூவை மாடு தின்றது என்றேன்.

“ஆடு. என் தலை சரியாத்தான் இருக்கு, போய்ச் சாப்பிடுங்கப்பா” என்றாள்.

போய்ச் சாப்பிட்டேன்.