எட்டுக் கட்டில் அறையில் என் கதாநாயகன்

ஞாயிறு காலை எட்டரைக்கு தேராவில் மெட்ரோ ஏறினேன். ஜெபல் அலி வரை ஏழரை திர்ஹம், நாற்பது கிலோமீட்டர் போல வரும். மைத்துனர் மகள் கல்யாணத்துக்குத் துபாய் வந்தவன் நான். இன்றைய பயணம் மட்டும் வசவு வாங்க.

கோவில்பட்டிப் பக்கத்துக் கதைகள் எழுதிப் பேர் வாங்கியவன் நான். என் ஆட்களை வெயிலும் கரிசலும்தான் ஆட்டிவைக்கும். கிணறு வற்றினால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகும். அந்தத் தெம்பில், கண்ணால் காணாத வளைகுடாவை வைத்தும் ஒரு கதை எழுதித் தொலைத்தேன். அதில் ஊரிலிருந்து மனைவி போன் செய்கிறாள். தனி அறையில், ஜன்னலோரம் இருக்கிற கணவன் ‘ம்’ என்பதற்கு மேல் பேசுவதில்லை. சரியான கல்நெஞ்சன்!

கதை வந்த மாதமே சுடலைமுத்து என்கிற வாசகர் குரலைப் பதிந்து அனுப்பினார். “அண்ணாச்சி, நானும் ‘ம்’னுதான் சொல்லுவேன். ஒங்க கதையப் படிச்சிட்டு எம் பொண்டாட்டி இருவது நாளா போனே எடுக்கல. எப்பவாச்சும் துபாய் வந்தா எங்க ரூமை ஒருக்கா பாத்துட்டுப் போங்க.”

ஸ்டேஷனிலிருந்து சுடலைமுத்து தங்கியிருக்கிற தொழிலாளர் கேம்ப்புக்கு டாக்ஸி, பதினெட்டு திர்ஹம். “கேம்ப்பில் யார், தம்பியா?” என்று இந்தியில் கேட்டார் பெஷாவர்க்கார டிரைவர். வாசகர் என்று விளக்க என் இந்திக்குச் சக்தியில்லை. தம்பிதான் என்றேன்.

பத்தேகாலுக்கு வாசலில் சுடலைமுத்து நின்றார். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அறைக்குள் நுழையும்போதே உதட்டில் விரல் வைத்தார். அடுக்குக் கட்டிலாக எட்டுப் படுக்கை, மூன்றில் ஆட்கள் தூங்கினார்கள்.

“காலம்பறதான் டூட்டி முடிச்சு வந்தாவ” என்று கிசுகிசுத்தார்.

அவருடையது கீழ்க்கட்டில். மனைவியின் பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார். உள்ளே தலைகுனிந்துதான் உட்கார முடிந்தது.

“ஜன்னல்?” என்றேன்.

“ஏசிதான் இருக்கு.”

“வெளியே போய்ப் பேசலாமே?”

“வராந்தாவுல வரிசையா இருவது பேரு பேசுதாவ அண்ணாச்சி. ‘அழாத தாயி’ன்னு நான் சொன்னா அம்புட்டுப் பேருக்கும் கேக்கும்லா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. என் ஊர் வீட்டு அறையையே துபாய் என்று எழுதி இந்த மனிதரை அதில் தனியாக உட்கார்த்தியிருக்கிறேன்! இடம் தப்பானதும் ஆளும் தப்பாகிப்போனான்.

அவர் மனைவி இன்னும் போன் எடுப்பதில்லை; வாட்ஸாப் அழைப்புக்கும் இந்த நாட்டில் தடை. அதனால் தூங்குகிறவர்களின் முகம் படாமல் அறையைச் சுற்றி வீடியோ எடுத்து, “அம்மா, அந்தக் கதை எழுதினவன் நான்தான். தப்பு என்னுடையது” என்று கிசுகிசுத்து, அவரிடம் நம்பர் வாங்கி அவர் மனைவிக்கு அனுப்பினேன்.

வைவார் என்று போனவனுக்கு, பொதுச் சமையலறையில் தானே வைத்த மீன்குழம்போடு சோறு போட்டார். பாதிச் சாப்பாட்டில் அவர் போன் அதிர்ந்தது. கையைக் கழுவாமலே சேலைத்திரைக்குள் ஓடினார். “ம்... ம்...” என்று மட்டும் கேட்டது. திரும்பி வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கிடுங்க” என்றார். எழுத வந்து இத்தனை வருஷத்தில், என் தப்பைக் கூப்பிட்டுக் காட்டுகிற இப்படி ஒரு உபகாரம் எனக்கு யாரும் செய்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னேன்.

திரும்பும் மெட்ரோவில், கதையை மாற்றி எழுதிவிடுகிறேன் என்று அந்த அம்மாவுக்குச் செய்தி போட்டேன். குரலில் பதில் வந்தது.

“அவரு ‘ம்’னே சொல்லட்டும் சார், அத மாத்தாதீய. கதையில வார அந்தப் பொம்பளைக்கும் ரூமை ஒரு தடவ காட்டிருங்க, போதும்.”